குழிக்குள்ளே என்ன போகுது?

(கொக்கிளாயில் நடந்த உறவினர் சந்திப்பில் எமது நிதியத்தின் சார்பில் ஆற்றிய உரை. வர முடியாமல் போன தோட்டத்துக் குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம். பேசியதைப் பெரும்பாலும் பேசியபடியே விட்டிருக்கிறோம்.)



மலையிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்சில் குலுங்கி வந்திருக்கிறீர்கள். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்கும் பிறகு மலையைவிட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களும், இந்தக் கடற்கரையிலேயே பரம்பரையாக இருந்து, தாங்களும் 1984இல் ஊரைவிட்டு ஓடி, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்த குடும்பங்களும் இன்றைக்கு ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறீர்கள். களைத்துப்போன ஆட்களிடம் குப்பையைப் பற்றிப் பேசுவது நல்லாயில்லைதான். ஆனால் காலையில் நடந்த ஒரு சங்கதி எங்களை வேறு பேச்சுப் பேச விடவில்லை.

களப்புக் கரையில் ஒரு மீன் வாடி. அங்கே குடிக்கத் தண்ணீர் கேட்டோம். வாடிக்கார அக்கா அன்பாக ஒரு பிளாஸ்டிக் கேனிலிருந்து தண்ணீரை ஊற்றிக் கொடுத்தா. நம்ம தோட்டத்துப் பெரியம்மா ஒருத்தர் கையை நீட்டினவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, இது மருந்துக் கேனாச்சே! நாங்க முதுகுல டேங்கைக் கட்டிக்கிட்டு புல்லுக்கு அடிச்சது இதுலேருந்துதானே ஊத்துவோம்" என்றார். லேபல் எப்போதோ உரிந்து போயிருக்கிறது. ஆனால் இருபது வருஷம் அந்தக் கேனைத் திறந்து மூடின கை, மூடியையும் பிடியையும் பார்த்தே கண்டுபிடித்துவிட்டது. வாடிக்கார அக்கா சொன்னா, "அது கனகாலமா இஞ்சதான் கிடக்குது அம்மா. நல்லாக் கழுவித்தான் வைச்சனான்."

அந்தக் கேன் எந்த ஊரிலிருந்து, எந்த லொறியில் இவ்வளவு தூரம் வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆபத்தான கழிவு என்பதன் முதல் இலட்சணமே அதுதான். வாங்கும்போது பில் இருக்கும், ஸ்டோரில் கணக்கு இருக்கும், கங்காணி கையெழுத்து இருக்கும். காலியானவுடனே அதற்கு அப்பன் ஆத்தா கிடையாது.

ஆபத்தான கழிவு என்றதும் ஏதோ கொழும்புப் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைச் சங்கதி என்று நினைக்காதீர்கள். தோட்டத்தையே எடுத்துப் பாருங்கள். மருந்துக் கேன், காலாவதியான மருந்து, பெக்டரி இயந்திரத்தின் பழைய எண்ணெய், லொறி பெட்டரி, டிஸ்பென்சரி ஊசி, உடைந்த டியூப் பல்ப். இப்படிப்பட்டவற்றை எங்கள் நாட்டுச் சட்டம் தனியாகப் பெயர் குறித்து வைத்திருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகளில் இந்தக் கழிவுகளுக்கு ஒரு அட்டவணை இருக்கிறது. அட்டவணையில் உள்ளதைச் சேர்க்கவோ, ஏற்றிச் செல்லவோ, களஞ்சியப்படுத்தவோ, அழிக்கவோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். எவ்வளவு, எங்கிருந்து, எங்கே என்று பதிவு வைக்கவும் வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான். மலைக்கு ஏறி வரத்தான் அதற்கு நேரம் எடுக்கிறது.

இனி, இப்படிப்பட்ட கழிவைப் புதைக்கிற இடம் எப்படி இருக்கவேண்டும்? சும்மா குழி வெட்டி மண்ணைத் தள்ளுவது நிலநிரப்பு ஆகாது. அடியிலே களிமண்ணை இறுக்கிப் போடவேண்டும். அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அமெரிக்காவில் 1984க்குப் பிறகு கட்டின நச்சுக் கழிவுக் குழிகளுக்கு அப்படி இரண்டு விரிப்பு வேண்டும், இரண்டுக்கும் நடுவில் கசிவு வருகிறதா என்று பார்க்க ஒரு குழாய் வழியும் வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். ஏனென்றால் மழை பெய்தால் குப்பை ஊறும். தேயிலைச் சாயம் இறங்குகிற மாதிரி அதிலிருந்து ஒரு கறுப்புத் தண்ணீர் இறங்கும். அந்த ஊறல் நீரைக் குழாயில் பிடித்து, தொட்டிக்குக் கொண்டுபோய், சுத்திகரித்துத்தான் வெளியே விடவேண்டும். பிடிக்காவிட்டால் அது தானே வழி தேடிக்கொண்டு போகும். மலையிலே கொட்டினால் பீலிக்கு வரும். இந்த மாதிரி மணல் பூமியிலே கொட்டினால் கிணற்றுக்கு வரும். கொக்கிளாய்க்காரருக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய ஆடை மாதிரித்தான் மிதந்து கிடக்கிறது. மணல் எதையும் தடுத்து வைக்காது.

பரிசோதனைக்கு வருகிற அதிகாரி என்ன பார்ப்பார்? அதாவது, என்ன பார்க்கவேண்டும்? முதலில் வாசலிலே பதிவுப் புத்தகம். இன்றைக்கு எத்தனை லொறி, என்ன பாரம், யார் அனுப்பினது. அனுப்பினவரின் கணக்கும் வாங்கினவரின் கணக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். நடுவிலே பத்து பீப்பாய் குறைந்தால் அது எங்கேயோ ஓர் ஆற்றங்கரையில் கிடக்கிறது என்று அர்த்தம். அடுத்தது குழி. மேலே மண் மூடியிருக்கிறதா, விரிப்பின் ஓரம் கிழிந்திருக்கிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா. ஊறல் நீர்த் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தால், அடுத்த மழைக்கு அது வழியும். அப்புறம் சோதனைக் கிணறு. இதுதான் முக்கியம். குழிக்கு மேட்டுப் பக்கம் ஒரு கிணறு, பள்ளப் பக்கம் குறைந்தது மூன்று கிணறு என்று அமெரிக்க விதி சொல்கிறது. மேலே உள்ள தண்ணீர் சுத்தமாக இருந்து கீழே உள்ளது கெட்டிருந்தால், நடுவில் இருக்கிற குழிதான் குற்றவாளி. வேறு யார் மேலும் பழி போட முடியாது. குழியை மூடின பிறகும் முப்பது வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்பதும் அங்குள்ள விதி. முப்பது வருஷம்! நம்ம ஊரில் ஒரு துரை மூன்று வருஷம் ஒரு தோட்டத்தில் இருந்தாலே பெரிய காரியம்.

இப்போது எங்கள் நாட்டிலே நடந்ததைச் சொல்கிறோம். மீதொட்டமுல்ல உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். கொழும்பின் குப்பையைப் பல வருஷமாகக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மலை பிற்பகலில் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் செத்தார்கள். அடியில் விரிப்பும் கிடையாது, குழாயும் கிடையாது. பயமாக இருக்கிறது என்று அந்தச் சனங்கள் வீதியில் இறங்கி எத்தனையோ தடவை கத்தினார்கள். கண்டியிலே கொஹாகொட, மகாவலி ஆற்றின் ஓரத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து இறங்குகிற ஊறல் நீரைப் பற்றி எத்தனையோ வருஷமாகப் பேசுகிறார்கள். மகாவலித் தண்ணீர் எவ்வளவு தூரம் ஓடிக் கிழக்குக் கரைக்கு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் சுன்னாகத்தைப் பற்றித்தான் நாங்கள் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அது குப்பை மேடு இல்லை, மின்சார நிலையம். என்றாலும் பாடம் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. எல்லாம் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லு பூமி, அடியிலே பொந்தும் வெடிப்பும். மேலே ஊற்றினது கீழே எந்தப் பக்கம் போகுமென்று சொல்ல முடியாது. அங்கே டீசல் எண்ணெயால் ஓடுகிற மின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்குது, மணக்குது என்று சனங்கள் சொல்லத் தொடங்கினார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பரிசோதித்து, பல கிணறுகளில் எண்ணெய் அளவுக்கு மேலே இருப்பதாகக் கண்டது. பிறகு மாகாண மட்டத்தில் வைத்த நிபுணர் குழு வேறு மாதிரிச் சொன்னது. அந்த நாட்களில் பவுசரில் வந்த தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தாய்மாருக்கு எதை நம்புவது? பிள்ளைக்குப் பால் கரைக்கிறதா, வேண்டாமா? அறிக்கைக்கு எதிர் அறிக்கை வரும்போது நடுவில் தாகத்தோடு நிற்பது ஏழைச் சனம்தான்.

சுற்றாடல் அமைப்பொன்றைச் சேர்ந்தவர் 2015இல் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவாகவே கொண்டுபோனார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மின் நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் கொடுக்கவேண்டும், அது பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்குப் போகவேண்டும் என்று சொன்னார்கள். எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று. அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்து மேற்பார்வை செய்திருக்கவேண்டிய அரச நிறுவனங்கள் தங்கள் கடமையைச் சரிவரச் செய்யவில்லை என்றும் நீதிமன்றம் சொன்னது. அதாவது, அழுக்கு விட்டவன் மட்டும் இல்லை, பார்க்கவேண்டியவன் பார்க்காமல் இருந்ததும் தவறு. தோட்டத்து ஆட்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். பரிசோதனை என்பது அதிகாரி நமக்குச் செய்கிற தயவு இல்லை.

அந்நிய நாட்டுக் கழிவு வந்த கதையும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறோம். 2017க்கும் 2019க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன் வந்தது. பழைய மெத்தை, கம்பளம் என்று பேப்பரில் எழுதியிருந்தது. 2019 யூலையில் சுங்கத் திணைக்களம் வெளியிட்ட தகவலைப் பார்த்தால், ஆஸ்பத்திரிக் கழிவும் உள்ளே இருந்ததாம். ஒரு நாட்டுக் கழிவை இன்னொரு நாட்டுக்கு அனுப்புவதென்றால் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும் என்று 1989இல் பாசல் நகரில் உடன்படிக்கை செய்தார்கள். இலங்கை 1992இல் அதில் சேர்ந்தது. அந்தப் பலத்தில்தான் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடைசி 45 கொள்கலன் 2022 பெப்ரவரியில் திரும்பிக் கப்பல் ஏறியது. வந்ததைத் திருப்பி அனுப்ப முடியும் என்று அதுவரைக்கும் யார் நம்பினார்கள்?

திருப்பி அனுப்பின இன்னொரு கதை தமிழ்நாட்டில் கொடைக்கானலில் நடந்தது. நம்ம நுவரெலியா மாதிரிக் குளிர்ந்த ஊர். அமெரிக்காவில் வோட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த ஒரு வெப்பமானித் தொழிற்சாலையை 1980களின் தொடக்கத்தில் பெயர்த்து அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய் இருக்கிறதே, அதற்குள்ளே ஓடுகிற பாதரசத்தை நிரப்புகிற வேலை. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கம்பனியிடம் வந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, சந்தோஷம்தான். பாதரசம் உடம்பில் ஏறினால் என்ன செய்யும் என்று தங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று பிற்காலத்தில் அந்தத் தொழிலாளர்கள் சொன்னார்கள்.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் என்ற இடத்துப் பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டின உடைந்த கண்ணாடி தொன் கணக்கில் சாக்கில் கட்டிக் கிடந்தது. தொழிற்சாலையிலிருந்து பழைய சாமானாக வெளியே போனது. கண்டுபிடித்துக் கத்தினது ஊர்ச்சனமும் சுற்றாடல் அமைப்புகளும். அதற்குப் பிறகுதான் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 தொன் கழிவைக் கப்பலில் ஏற்றி, எந்த நாட்டிலிருந்து இயந்திரம் வந்ததோ அதே அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். 2016இல் பழைய தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனம் இழப்பீடு கொடுக்க இணங்கியது. பதினைந்து வருஷம்! அந்தப் பதினைந்து வருஷத்தில் செத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். மலைச்சரிவு மண்ணில் இறங்கின பாதரசத்தை எவ்வளவு வரைக்கும் சுத்தப்படுத்துவது என்ற வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது. அந்தச் சரிவுக்குக் கீழே பாம்பார்ச் சோலை, அதற்கும் கீழே ஆறு.

இந்த இரண்டு கதையிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? பழைய சாமான் கடைக்கும் கொள்கலனுக்கும் பேப்பர் இருந்தது. பேப்பரில் எல்லாம் சரி. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தபோதுதான் சங்கதி வெளியே வந்தது.

இப்போது எங்கள் கையாலாகாத கதையையும் சொல்லிவிடுகிறோம். பெயர் சொல்லமாட்டோம், ஒரு தோட்டம். லயத்துக்கு மேலே உள்ள மலையில், ஸ்டோருக்குப் பின்னால் ஒரு குழி. பல வருஷமாகக் காலிக் கேனும் கெட்டுப்போன மருந்தும் அதற்குள்ளே போனது. கிராமக்சோன் என்று நீங்கள் சொல்கிற பரகுவாட் மருந்து 2008 தொடங்கிப் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டுப் பிறகு முற்றாகத் தடைசெய்யப்பட்டதே, அப்போது மிஞ்சிப்போனதும் அங்கேதான் போனது என்று ஸ்டோரில் வேலை செய்த அண்ணன் ஒருவர் சொன்னார். குழிக்கு நேரே கீழே நாற்பது குடும்பம் தண்ணீர் பிடிக்கிற பீலி.

நாங்கள் கடிதம் எழுதினோம். அதிகாரிகள் வந்தார்கள். வருகிறார்கள் என்று தோட்டத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. முந்தின நாள் பத்து ஆள் போட்டுக் குழியை மூடி, மேலே தேயிலைக் கன்று நட்டுவிட்டார்கள். வந்தவர்கள் பங்களாவில் தேநீர் குடித்து, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, கன்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்களும் கூடவே நின்றோம். வாயைத் திறந்து "பீலித் தண்ணீரை எடுங்க ஐயா" என்று கேட்க எங்களுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

மண்ணைப் போட்டு மூடிவிட்டால் போய்விடும் என்று நினைப்பது நம்ம ஊர்ப் புத்தி மட்டும் இல்லை. அமெரிக்காவில் லவ் கெனல் என்ற இடத்தில் 1942 தொடக்கம் 1953 வரைக்கும் ஒரு கம்பனி இருபதாயிரம் தொன்னுக்கு மேல் இரசாயனக் கழிவைப் பழைய வாய்க்காலில் புதைத்தது. மண்ணை மூடி, ஒரு டொலருக்குப் பாடசாலைச் சபைக்கு எழுதிக் கொடுத்தது. மேலே பள்ளிக்கூடம் கட்டினார்கள், பக்கத்தில் வீடு கட்டினார்கள். 1970களில் வீட்டு நிலவறைச் சுவரால் கறுப்புச் சாறு கசிந்தது. 1978இல் ஜனாதிபதி அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்றினார். அங்கேயும் முதலில் வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன வருத்தம் என்று கணக்கெடுத்தது தாய்மார்தான்.

சரி, இனி என்ன செய்யலாம்? அந்தத் தோட்டத்துக் காரியத்தை நாங்கள் விட்டுவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தப் பிரஜையும் எந்த அரச அலுவலகத்திடமும், "நீங்கள் இன்ன திகதியில் இன்ன இடத்தைப் பரிசோதித்த அறிக்கையைத் தாருங்கள்" என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்லவேண்டும். பீலித் தண்ணீர் குடிக்கிற நாற்பது குடும்பத்தில் ஒரு தங்கச்சி, க.பொ.த. உயர்தரம் படித்த பிள்ளை, தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். அறிக்கை வந்தது. ஒரே பக்கம். "அவ்விடத்தில் தேயிலை நடப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தது. பொய் இல்லைதானே!

அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டுதான் இரண்டாவது கடிதம் எழுதினோம். இந்தத் தடவை குழியைப் பாருங்கள் என்று கேட்கவில்லை. குழிக்கு மேலே உள்ள ஊற்றில் ஒரு போத்தல், கீழே பீலியில் ஒரு போத்தல், இரண்டையும் ஒரே நாளில் எடுங்கள், மருந்துக்காகப் பரிசோதியுங்கள், எடுக்கும்போது குடும்பங்களின் சார்பில் இரண்டு பேர் நிற்போம் என்று கேட்டோம். சும்மா தண்ணீர் நல்லதா என்று கேட்டால் கிருமியை மட்டும் பார்த்துவிட்டு நல்லது என்று எழுதி அனுப்பிவிடலாம். எதைத் தேடவேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். அதனால்தான் ஸ்டோரில், மருந்து அடிக்கிறதில் வேலை செய்தவர்கள் எந்தெந்த மருந்து, எந்த வருஷம் என்று ஞாபகப்படுத்தி எழுதித் தந்தால் அது பெரிய உதவி. மிளகாய்த்தூள் மாதிரி மணக்கும், பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும் என்று சொன்னால்கூடப் போதும், பெயரை நாங்கள் தேடிப் பிடிக்கிறோம். போத்தல் எடுப்பதற்கு நாள் குறித்து இன்னும் பதில் வரவில்லை. வந்தவுடன் அடுத்த இதழில் போடுவோம்.

அதுவரைக்கும் கையில் உள்ள கேனைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்து கலக்கும்போதே காலிக் கேனை மூன்று தரம் அலசி, அலசின தண்ணீரை அந்த டேங்குக்குள்ளேயே ஊற்றவேண்டும். பீலிக்குக் கீழே வைத்து அலசவே கூடாது. பிறகு கேனில் ஓட்டை போடுங்கள். ஓட்டை போட்ட கேனை யாரும் தண்ணீருக்கு வைக்கமாட்டார்கள். எரிக்காதீர்கள், புகை இன்னும் மோசம். ஓட்டை போட்டதை எண்ணி, எழுதி, ஸ்டோரில் ஒப்படையுங்கள். வாங்கும்போது எண்ணினவர்கள் திரும்பி வரும்போதும் எண்ணட்டும்.

இங்கே ஒரு தம்பி புல்மோட்டைக் கனிய மணலைப் பற்றியும் இந்தக் கரையில் மணல் அள்ளுவதைப் பற்றியும் கேட்டார். அது பெரிய விஷயம், இந்தப் பேச்சோடு சேர்த்து அவசரத்தில் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அங்கேயும் இதுதான்: அனுமதிப்பத்திரம் என்ன நிபந்தனையில் கொடுத்தது, யார் எப்போது பார்த்தது, அந்த அறிக்கை எங்கே. கேட்கும் படிவத்தைத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறோம்.

வாடிக்கார அக்காவின் கேனை அவவின் சம்மதத்தோடு ஓட்டை போட்டுப் பையில் கட்டி வைத்திருக்கிறோம். நாளைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுப்போம். "அப்ப நான் தண்ணிக்கு என்ன செய்யிறது?" என்று அக்கா கேட்டா. நியாயமான கேள்வி. பெரியம்மா பஸ்சுக்குக் கொண்டுவந்த தன்னுடைய எவர்சில்வர் தூக்குவாளியை அவவிடம் கொடுத்துவிட்டார். ஆகவே திரும்பிப் போகும்போது பெரியம்மாவுக்குத் தேநீர் பிடிக்க யாராவது ஒரு கோப்பை கொடுங்கள். பஸ் சரியாக நாலு மணிக்குப் புறப்படும்.